எட்டுக் கட்டம்

ஆக்னஸைப் பார்க்க வந்தீர்களா? அவள் இல்லையே. காலையில் முடிந்த ஒரு கல்யாணத்தின் மெமரி கார்டுகளை வாங்கிவர மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். வந்துவிடுவாள். உட்காருங்கள். அதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கல்யாணம் உங்களுக்குத்தானே? ஆவணியிலா. நினைத்தேன். கல்யாணப் பெண்கள் இங்கே தனியாக வருவதில்லை. அம்மா வருவார், சித்தி வருவார், ஆல்பத்தின் அட்டையைத் தடவித் தடவிப் பார்க்க ஓர் அத்தை வருவார். நீங்கள் தனியாக வந்திருக்கிறீர்கள். வந்ததும் முதலாளி இருக்கிறாரா என்று கேட்கவில்லை. மிக்ஸிங் யார் செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஆக்னஸ் இருக்காங்களா என்று கேட்டீர்கள்.

நானும் இங்கே மிக்ஸிங் செய்கிறவள்தான். சுகந்தி. மண்டபத்தில் எடுத்துவந்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுத் தருவதைத்தான் மிக்ஸிங் என்கிறோம். ஆக்னஸ் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் இந்தப் புதுக்கோட்டையில் எத்தனை தாலி கட்டியிருக்கிறேன் தெரியுமா? சிரிக்காதீர்கள், எங்கள் பேச்சு அப்படி. தாலி கட்டுகிற இடத்தை வெட்டி, மேளத்தோடு சேர்த்து உட்காரவைப்பதைத் தாலி கட்டுவது என்போம். வைரவன் அண்ணன், அவர்தான் முதலாளி, "சுகந்தி கட்டினா மேளம் ஒரு அடி தப்பாது" என்பார். இப்போதும் சொல்வார். கேட்டால் சொல்வார்.

அவளைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? ஓ. வைகாசியில் ரைஸ் மில் வீட்டுக் கல்யாணம். நீங்களும் வந்திருந்தீர்களா? சாயங்காலம் ரிசப்ஷனில் பெரிய திரையில் போட்டார்களே, அந்த ஹைலைட்ஸைப் பார்த்துவிட்டா வந்தீர்கள்?

அப்படியா.

சரி, அதைப் பற்றி நானே சொல்கிறேன். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஊரில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ஆக்னஸ், ஆக்னஸ் என்கிறார்கள். அதில் மெஷினின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் படித்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள். ஜன்னலோரம் இருப்பது பழையது. சுவரோரம், உள்ளே நீல விளக்கு எரிகிறதே, அது புதியது. நான் பழையதில்தான் இருந்தேன். சித்திரை பிறந்ததும் அண்ணன் புதியதை வாங்கிவந்தார். அது யாருக்கு வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். ஒன்பது வருடமாக இருக்கிறவளுக்கா, நேற்று வந்தவளுக்கா? முந்தின நாளே நான் அந்த மேசையைத் துடைத்து வைத்திருந்தேன். அண்ணன் பெட்டியைப் பிரித்தார். "ஆக்னஸ், இந்தப் பக்கம் வா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குப் பழசு கைக்குப் பழகிருச்சுல்ல சுகந்தி" என்றார்.

ஆமாண்ணே என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு அண்ணன் அந்த மெஷினில் ஒன்றைத் திறந்து காட்டினார். டாஸ்க் மேனேஜர். கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று கோடு கோடாகக் காட்டும். என் மெஷினில் திறந்தால் நான்கு கட்டம் வரும். இதில் எட்டுக் கட்டம். எட்டிலும் கோடு ஏறி ஏறி இறங்குகிறது. அண்ணன் விரல் வைத்து எண்ணினார். டீ கொண்டுவந்த மாஸ்டரைக்கூட நிறுத்தி வைத்துக் காட்டினார். "எட்டு மூளைய்யா இதுக்கு. பழசுக்கு நாலு. இது ஒண்ணே ரெண்டு மெஷினுக்குச் சமம்."

இரண்டு மெஷினுக்குச் சமமான மெஷினில் உட்காருகிறவள் இரண்டு ஆளுக்குச் சமம். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் வரும்போது, போகும்போது, சோறு வேகும்போது, போனில் அதையேதான் படித்தேன். நான் பி.எஸ்சி. கணிதம். படித்தால் புரியாமலா போகும்? உங்களுக்கும் சொல்கிறேன், எளிதுதான்.

உங்களுக்கு மேக்கப் யார்? யாராக இருந்தாலும் சரி, ஒரு பியூட்டி பார்லரை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் என்பது அந்தப் பார்லர். கோர் என்பது அதில் வேலை செய்கிற ஒரு பெண், ஒரு ஜோடிக் கை. நான்கு கோர் என்றால் நான்கு பேர். ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு மணப்பெண். ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு அலங்காரம் நடக்கிறது. அதுதான் என் பழைய மெஷின். உள்ளதை உள்ளபடி காட்டுகிற மெஷின்.

இப்போது, முகத்தில் பேக் போட்டால் அது காய வேண்டும் இல்லையா? காயும்வரை அந்தக் கை சும்மா இருக்கும். பார்லர்காரி பார்க்கிறாள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் இன்னொரு நாற்காலியைப் போட்டுவிடுகிறாள். இவளுக்குக் காய்கிற நேரத்தில் அவளுக்குத் தலையைப் பின்னு என்கிறாள். வாசலில் நின்று பார்த்தால் எட்டு நாற்காலி, எட்டு மணப்பெண்கள். ஆனால் கை? நான்கு ஜோடிதான். இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் கை வேண்டுமென்றால் ஒருத்தி காத்திருக்கத்தான் வேண்டும். இதற்குப் பெயர் ஹைப்பர்த்ரெடிங். அந்த நாற்காலிக்குப் பெயர் த்ரெட். நான்கு கோர், எட்டு த்ரெட். வேலை கொஞ்சம் கூடுதலாக நடக்கும், அதை மறுக்கவில்லை. சும்மா இருக்கிற நேரம் வீணாகாது. ஆனால் இரண்டு மடங்கெல்லாம் ஆகாது.

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, அது எட்டு இல்ல. நாலுதான். எட்டு மாதிரி காட்டுது."

"திரையில எட்டுக் கட்டம் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அப்புறம் என்னம்மா."

ஆக்னஸ் திரும்பிப் பார்த்து, "அக்கா சொல்றதுதாண்ணே சரி, நாலுதான்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எட்டோ நாலோ, கரண்டு போகாம இருந்தாப் போதும்" என்றாள். அண்ணன் சிரித்தார். நான் அத்தனை படித்துச் சொன்னதைக் காதில் வாங்காதவர், இதற்குச் சிரித்தார்.

எனக்கு அப்போதே தோன்றியது, அவளும் அந்த மெஷின் மாதிரிதான் என்று. ஒரு கை மவுஸில் இருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இருக்கும். இன்னொரு கையால் எலுமிச்சை சாதம் சாப்பிடுவாள். அதற்குள் உள்ளே வருகிற பார்ட்டியிடம் "வாங்கம்மா, மாப்பிள்ளை வரலையா" என்பாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரி இருக்கும். ஒருத்திதான். நான் அப்படி இல்லை. எனக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை. உட்கார்ந்தால் என் கண் என் திரையை விட்டு நகராது. அவள் எத்தனை தடவை எழுந்தாள், யாரோடு பேசினாள், எந்தக் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், எந்த இடத்தில் தனக்குள் சிரித்துக்கொண்டாள், எல்லாம் என் நாற்காலியில் இருந்தபடியே எனக்குத் தெரியும்.

ஒரு நல்லதும் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். மெஷின் வந்த சில நாளில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டார். கோயில் வாசலில் கண் திருஷ்டி கணபதி படம் விற்பார்களே, லேமினேஷன் செய்தது, அதை நான் வாங்கிவந்தேன். என் செலவில். பெரிய படமாகவே வாங்கினேன், செய்வதைக் குறைவாகச் செய்யக் கூடாது. அந்த மெஷினின் முன்பக்கம் முழுக்கக் கறுப்பாகச் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், பார்க்கவே ஒரு மாதிரி. படம் அதை அப்படியே மூடிவிட்டது. நான்கு ஓரமும் டேப் போட்டு நன்றாக அழுத்தி ஒட்டினேன்.

"எதுக்குக்கா இது?" என்றாள்.

"புது மெஷின். போறவங்க வர்றவங்க கண்ணு படும்ல."

"போறவங்க வர்றவங்கள விடுங்கக்கா. நாள் முழுக்கப் பாக்குறது நீங்கதானே. என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிவிடுங்க."

அண்ணன் அதற்கும் சிரித்தார். அவள் வேதக்காரப் பெண். மானிட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு மாதா படம் வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். "இருக்கட்டும், மாதாவுக்கும் துணையாச்சு" என்றாள்.

ஆனால் பாருங்கள், மெஷினின் சாயம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. முதல் சில நாள் புது மருமகள் மாதிரி ஓடி ஓடி வேலை செய்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இறங்கிவிட்டது. வெட்டி ஒட்டி முடித்ததை எல்லாம் ஒரே வீடியோவாக மாற்ற மெஷினுக்கு நேரம் பிடிக்கும், ரெண்டர் என்போம். என் பழையதும் அவள் புதியதும் ஏறக்குறைய ஒன்றாக ரெண்டரை முடித்தன. நாலுதான் என்று நான் சொன்னேனா இல்லையா? அண்ணன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு, என்ன சொல்வது, படித்தது வீண் போகவில்லை என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரைஸ் மில் வீட்டுக் கல்யாணம் வந்தது.

காலை முகூர்த்தத்தை வெட்டிச் சின்னதாக ஒரு வீடியோ செய்து, சாயங்கால ரிசப்ஷனில் போட வேண்டும். அந்த ஹைலைட்ஸ் என் வேலை. இந்த ஸ்டூடியோவில் ஹைலைட்ஸ் செய்கிறவள்தான் முதல் ஆள், மற்றவள் கூடமாட இருப்பவள். அண்ணன் வந்து, "இந்தத் தடவை ஆக்னஸ் பண்ணட்டும். நல்லா வந்துச்சுன்னா இனிமே அவளே பாக்கட்டும். நீ நலங்கு முழுசையும் பாத்துக்க" என்றார். நலங்கு. மஞ்சள் பூசுகிறதை நாள் முழுக்க யார் பார்ப்பார்கள்?

கார்டுகள் வந்ததும் மெஷினில் ஏற்றிப் பிரித்து வைப்பது மட்டும் என்னிடம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நல்லதை ஒரு பக்கம் வைப்பேன். ஆட்டம் கண்டது, மங்கலானது, யாராவது குறுக்கே வந்தது, எல்லாவற்றையும் கழிவு என்று தனி ஃபோல்டரில் போட்டுவிடுவேன். ஆக்னஸ் முதலில் திறப்பது கழிவைத்தான். "அக்கா கழிச்சதுலதான் எனக்குச் சாப்பாடு இருக்கு" என்பாள்.

மத்தியானத்துக்குமேல் ரெண்டர் போட்டாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற கோடு நகரவில்லை. வைகாசி வெயில், அந்த அறையில் ஏசி பேருக்குத்தான். அண்ணன் உள்ளே வருகிறார், வெளியே போகிறார். மில் வீட்டிலிருந்து போன். "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்கிறார். திரும்பிப் பார்த்தால் கோடு அதே இடத்தில் நிற்கிறது.

"நான் அன்னைக்கே சொன்னேண்ணே" என்றேன். "எட்டுக் கட்டத்தப் பாத்து ஏமாந்துட்டோம். எல்லாத்தையும் என் மெஷினுக்கு மாத்துங்க. நானே வெட்டி முடிச்சுத் தர்றேன்."

அண்ணன் ஆக்னஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, சுகந்திகிட்ட குடுத்துரு" என்றார்.

உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த ஒரு நிமிடம் அப்படி இருந்தது.

ஆக்னஸ் எழுந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டவள் மாதிரி மெஷின் பெட்டியின் மேல் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். "அண்ணே, இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது." குனிந்தாள். கணபதி படத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்தாள். "காத்து உள்ள போற வழியே இதுதாண்ணே. அடைச்சிருக்கு. சூடு ஏறினா எரிஞ்சு போகாம இருக்கிறதுக்கு அதுவா வேகத்தக் குறைச்சுக்கும்." ஓர் ஆல்பம் அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தாள். உள்ளே காற்றாடி இரைகிற சத்தம் கேட்டது. கோடு நகர்ந்தது. அப்புறம் ஓடியது.

"யாரு இத இங்க ஒட்டுனது?" என்றார் அண்ணன். பூஜையன்று பக்கத்திலேயே நின்று சிரித்தவர்தான். அவருக்கு நினைவில்லை.

ஆக்னஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாமிய யாருண்ணே குத்தம் சொல்லுவா. இடந்தான் மாறிப்போச்சு" என்று சொல்லி, படத்தைச் சுவரில் ஒட்டினாள். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே. எதற்காகவோ சேர்த்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு படத்தால் அவ்வளவு சூடாகுமா? நான்கு பேர் எட்டு நாற்காலிக்கு ஓடினால் வியர்க்காமல் என்ன செய்யும்?

ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள்? நான் பின்வரிசையில், சாப்பாட்டுக் கூடத்துக் கதவருகில். தாலி கட்டுகிற இடத்தில் மேளம் ஒரு அடி தப்பியது. அந்தக் கூட்டத்தில் அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். அதற்கு அடுத்துதான் அது வந்தது. பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி, தூணுக்குப் பின்னால் போய், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்து, சிரித்துப் பழகிப் பார்த்துவிட்டு, பந்திக்கு ஆளை அழைக்கப் போவார். அது மங்கலான கிளிப். ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரியும். நான் கழிவில் போட்டது. பெண் மேடையை விட்டு இறங்கி அப்பாவைத் தேடிப் போய்விட்டாள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். என் தாலிகளுக்கு யாரும் மூக்கை உறிஞ்சியதில்லை.

நீங்களும் அழுதீர்களா? சரி, சரி.

மறுநாள் காலையில் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். மூத்தவள் நான், புது மெஷின் எனக்கு வேண்டும் என்று. மெஷின் கையை விட்டுப் போனால் அவளிடம் என்னதான் மிச்சம் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று இருந்தது. அண்ணன் இழுத்தார். அவள் உடனே எழுந்துவிட்டாள். "எடுத்துக்கங்கக்கா" என்று தண்ணீர் பாட்டிலையும் மாதாவையும் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அவள் உட்கார்ந்த சூடுகூட ஆறவில்லை, நான் உட்கார்ந்துவிட்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். எட்டுக் கட்டம். எட்டும் எனக்கு.

இந்த ஆனி பிறந்ததும் ஒரு கல்யாணம். ஹைலைட்ஸ் அவளுக்குத்தான், பழைய மெஷினில். மெதுவாகத்தான் போகும் என்று தெரிந்து முன்கூட்டியே ரெண்டர் போட்டாள். சாயங்காலம் திரையில் என்ன வந்தது தெரியுமா? மண்டப வாசலில் செருப்புக் குவியலில் பெண்ணின் செருப்பைத் தேடி எடுத்து, ஜோடியாகத் திருப்பி வைக்கிறார் மாமியார். அவ்வளவுதான். அதற்கு மண்டபமே கை தட்டுகிறது. அதுவும் கழிவில் கிடந்ததுதான்.

அந்தப் பழைய மெஷினில் ஏதோ இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. புதியதில் எல்லாம் சட்டென்று முடிந்துவிடுகிறது. முடிந்தபின் சும்மா உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் கேட்டேன், பழையதையே எனக்குத் திருப்பித் தருகிறாயா என்று. "நாளைக்கே மாத்திக்கலாம்க்கா, எனக்கு எதுன்னாலும் சரி" என்றாள். எதுவானாலும் சரியாம். ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லக் கூடாதா?

உங்கள் ஹைலைட்ஸை நான் செய்து தருகிறேனே. தாலி கட்டுவதில் ஒரு அடி தப்பாது. வேண்டாமா. ஆக்னஸ்தானா. பரவாயில்லை, கட்டாயம் இல்லை.

ஆனால் உங்கள் கார்டுகளும் முதலில் என்னிடம்தான் வரும். இப்போதெல்லாம் நான் எதையும் கழிப்பதில்லை. ஒவ்வொரு கிளிப்பாகப் போட்டுப் பார்த்து, இதில் அவள் எதை எடுப்பாள் என்று யோசிக்கிறேன். இதைத்தான் என்று ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் திரையில் பார்த்தால் அது இல்லை. வேறு ஒன்று. இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. கோர், த்ரெட் எல்லாம் ஒரு வாரத்தில் புரிந்தது எனக்கு.

வண்டிச் சத்தம் கேட்கிறது. அவள்தான். சீக்கிரம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தூணுக்குப் பின்னால் போகக்கூடியவர் யார்? அப்பாவா?

அப்பா இல்லையா. சரி, அப்படியென்றால் அவரை விடுங்கள். வேறு யார்? அண்ணனா, மாமாவா, யாராவது ஒருவர் இருப்பாரே. யோசித்துச் சொல்லுங்கள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அவளிடம் வேண்டாம்.